கை நிற்காத கதை

போன மாதம் நீங்கள் வீட்டுக்கு வந்திருந்தபோது, "என்னென்ன புத்தகம் படிப்பீர்கள் அம்மா?" என்று கேட்டீர்கள். நான் சிரித்து மழுப்பிவிட்டேன். எழுதுகிறவர்களுக்கும் அச்சடிக்கிறவர்களுக்கும் நடுவில் நின்று காலத்தை ஓட்டியவள் நான். அதே வேலைக்குப் புதிதாக வந்திருக்கிற பிள்ளைகள் நீங்கள். கேட்டதற்குப் பதில் சொல்வதுதான் மரியாதை. அன்று வாயில் வரவில்லை, அதனால் உட்கார்ந்து எழுதிப் பார்க்கிறேன். பிழை இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். சொல்லை மாற்றாதீர்கள்.

நான் படித்தது இரண்டாம் வகுப்பு. எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பேன். ஒரு பக்கம் முடிப்பதற்குள் உலை கொதித்து அடங்கிவிடும். ஆனால் நான் கேட்ட கதைகளை அடுக்கினால் உங்கள் ஆபீஸ் அலமாரி கொள்ளாது. நீங்கள் கண்ணால் படித்ததை நான் காதால் படித்தேன். அதில் எனக்கு ஒரு குறைச்சலும் கிடையாது.

கோவில்பட்டியில் நான் வேலைக்குப் போனது தீப்பெட்டி ஆபீசுக்கு. தீப்பெட்டி செய்கிற இடத்தை எங்கள் பக்கம் ஆபீஸ் என்றுதான் சொல்வோம். கரிசல் காட்டில் கம்பும் பருத்தியும் இரண்டு வருஷம் தொடர்ந்து கருகினால் வீட்டுப் பெண்கள் அங்கே போய் உட்கார வேண்டியதுதான். வரிவரியாகப் பள்ளம் போட்ட கட்டையில் தீக்குச்சிகளை ஒவ்வொன்றாக அடுக்கிக் கொடுப்பது எங்கள் வேலை. கை ஓடிக்கொண்டிருக்கும், காதுக்கு வேலை இல்லை. அதனால் எங்கள் கொட்டகையில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்த ஞானம் என்று ஒருத்தி நடுவில் உட்கார்ந்து சத்தமாகக் கதை வாசிப்பாள். அவளுடைய கூலி போய்விடக் கூடாது என்று நாங்கள் ஆளுக்கொரு கட்டை கூடுதலாக அடுக்கி அவள் கணக்கில் சேர்த்துவிடுவோம். பொம்பளைகள் ஊர்வம்பு பேசுவதற்கு இது தேவலை என்று கணக்குப்பிள்ளையும் கண்டுகொள்ள மாட்டார்.

ஆளுக்கொரு கட்டை கொடுத்துக் கேட்கிற கதையை யாரும் சும்மா கேட்க மாட்டார்கள். சப்பையான இடம் வந்தால் கை தன்பாட்டுக்கு ஓடும். நல்ல இடம் வந்தால் எடுத்த குச்சி விரலிலேயே நிற்கும். மிக நல்ல இடம் என்றால் அத்தனை கையும் ஒன்றாக நிற்கும். குச்சி கட்டையில் உரசுகிற சத்தம் சட்டென்று இல்லாமல் போகும். முகத்தைப் பார்த்துக் கதையை எடை போட முடியாது. ஒருத்தி அழுவாள், அவளுக்கு வீட்டில் வேறு துக்கம் இருக்கும். நான் கையைப் பார்த்தேன். யாரும் சொல்லித் தரவில்லை, நானாகக் கண்டுபிடித்தது.

சனிக்கிழமை கூலி போடுகிற நேரத்தில் ஒரு அச்சாபீஸ்காரர் வாசலில் துணி விரித்து, சின்னச் சின்னக் கதைப் புத்தகம், பாட்டுப் புத்தகம் எல்லாம் பரப்பி விற்பார். ஒருநாள் விற்காத ஒரு புத்தகக் கட்டைத் தூக்கிக் காட்டி அங்கலாய்த்தார்.

"இத ஏம்மா ஒருத்தரும் தொட மாட்டேங்கிறாக? தங்கமான கதை."

"தங்கமா இருக்கும் அண்ணாச்சி. ஆனா ஒரு எடத்துலகூட கை நிக்கலயே."

"கையா? எந்தக் கை?"

சொன்னேன். அந்த மனிதர் கெட்டிக்காரர். அடுத்த வாரமே அச்சுக்குப் போகாத ஒரு கதையைத் தாள்களாகக் கொண்டுவந்து கொடுத்து, "இதுக்கு எங்கன எங்கன நிக்குதுன்னு பாத்துச் சொல்லும்மா" என்றார். நான் சொன்னபடி செய்தார், விற்றது. அதிலிருந்து அவர் அச்சடிப்பதெல்லாம் முதலில் எங்கள் கொட்டகைக்கு வந்தது. பிறகு எழுதுகிறவர்களே என்னைத் தேடி வந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு மணியாச்சி ரயிலடிக்கும் கோயில் கொடைக்கும் மாதா கோயில் திருவிழாவுக்கும் விற்கப் போவேன். அங்கேயும் வருவார்கள். ஏஜெண்டு அக்கா என்று பெயரே வந்துவிட்டது.

எட்டயபுரம் பக்கத்தில் ஒரு பருத்தித் தரகர். ராஜா ராணிக் கதை எழுதிக்கொண்டு வந்தார். ராணி குளிக்கப் போகிறாள். ஞானம் வாசிக்கிறாள், வாசிக்கிறாள், ராணி குளத்தை விட்டுக் கரையேறவே இல்லை. கடைசியில் ஒரு கிழவி சொன்னாள்: "ஏட்டி ஞானம், அவள எந்திரிக்கச் சொல்லு. இங்கன குடிக்கத் தண்ணியில்ல, இவ ஒரு கொளத்தயே காலி பண்ணுதா." கொட்டகை சிரித்ததை அப்படியே தரகரிடம் சொன்னேன். கோபப்படுவார் என்று பார்த்தேன். அவரும் வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, ராணியை இரண்டே வரியில் குளிப்பாட்டி அனுப்பினார். அந்தப் புத்தகம் நன்றாக ஓடியது.

என் ரசனை அங்கேதான் உண்டானது. கதைக்குள் ஒரு ஆள் வந்தால் அவன் என்ன வேலை செய்து சாப்பிடுகிறான் என்று எனக்குத் தெரிய வேண்டும். அழுகிறவள் எதற்கு அழுகிறாள் என்று அவள் சொல்லாமலே விளங்க வேண்டும். கனவில் நடப்பது எனக்குப் பிடிக்காது. வர்ணனை வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், வெயிலைச் சொன்னால் வியர்க்க வேண்டும். இதெல்லாம் இன்றைக்கும் சரி என்றுதான் நினைக்கிறேன். நான் தேர்ந்தெடுத்ததில் விலை போகாமல் கட்டாகத் திரும்பியது மிகக் குறைவு. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன்.

ஆனால் உங்களுக்கு உபயோகப்படுவது அந்தப் பெருமை இல்லை. சண்முகத்தாய் கதைதான்.

மணியாச்சியில் ரயில்வே வேலை பார்க்கிற ஒருவருடைய சம்சாரம் அவள். வயது இருபத்தைந்து இருக்கும். ரயிலடியில் நான் புத்தகம் பரப்பினால் ஒவ்வொன்றாக எடுத்துப் புரட்டிவிட்டு ஒன்று மட்டும் வாங்குவாள். ஒருநாள் மடியிலிருந்து தாள்களை எடுத்தாள்.

"அக்கா, நான் ஒண்ணு எழுதியிருக்கேன்."

"நீயாட்டி? பேய்க் கதையா?"

"இல்லக்கா. ஒரு அம்மாவும் மகளும்."

"அச்சுல பேரப் பாக்கணும்னு ஆசையாக்கும்."

"வந்தா வரட்டும், வராட்டிப் போகுது. ஒங்க கொட்டகையில இத வாசிக்கணும். அங்க உள்ள பொம்பளைக கேட்டுட்டு என்ன சொல்லுதாகன்னு எனக்கு வந்து சொல்லணும். அது போதும். மறக்காமச் சொல்லுவீங்களா?"

"சொல்லுதேன் தாயி."

எழுதுகிறவர்கள் எல்லாரும் இப்படித்தான் பேசுவார்கள். அச்சில் வராவிட்டால் பரவாயில்லை என்பார்கள், பிறகு வாசலிலேயே நிற்பார்கள். இவளும் அந்தப் பேச்சுத்தான் பேசுகிறாள் என்று எடுத்துக்கொண்டேன். அவள் கேட்டது அதுவல்ல. வாயால் என்ன கேட்டாளோ அதுதான் அவளுக்கு வேண்டியிருந்தது.

நாங்கள் கேட்டவரை கதை இதுதான். மழை இல்லாத வருஷம். ஐந்தாம் வகுப்பு படிக்கிற மகளை ஒரு தாய் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தித் தீப்பெட்டி ஆபீசுக்கு அனுப்புகிறாள். "மழ பெய்யுற வரைக்கும்தான் தாயி. பெஞ்ச மறுநா பள்ளிக்கொடம் போயிரலாம்" என்கிறாள். மகள் தினமும் வானத்தைப் பார்த்துக்கொண்டே வேலைக்குப் போகிறாள். ஒருநாள் மழை வருகிறது. நல்ல மழை. கரிசல் ஊறிக் காலை இழுக்கிறது. வெள்ளாமையும் வீடு வந்து சேர்கிறது. தாய் பள்ளிக்கூடம் என்கிற பேச்சையே எடுக்கவில்லை. மகளும் கேட்கவில்லை.

ஞானம் வாசித்தாள். நான் கைகளைப் பார்த்தேன். ஒரு கைகூட நிற்கவில்லை. மகளை நிறுத்துகிற இடத்தில் நிற்கும் என்று நினைத்தேன், ஓடியது. மழை வருகிற இடத்தில் இன்னும் வேகமாக ஓடியது. ஒருத்தியும் தலை நிமிரவில்லை. ஞானம் நிறுத்தி என்னைப் பார்த்தாள்.

"என்னக்கா, வைக்கட்டுமா?"

"வை" என்றேன். அவள் கையில் இன்னும் சில தாள் பாக்கி இருந்தது.

எந்தக் கதையைப் பாதியில் நிறுத்தினாலும் எங்கள் கொட்டகையில் கூச்சல் போடுவார்கள். "முடிவச் சொல்லிட்டு எந்திரிட்டி, கட்ட சும்மாவா தந்தோம்" என்று ஞானத்தின் முந்தானையைப் பிடித்து இழுப்பார்கள். அன்று ஒருத்தரும் வாய் திறக்கவில்லை. பிடிக்கவில்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம் என்று எனக்குத் தோன்றியது. சாயங்காலம் கணக்குப்பிள்ளை கட்டைகளைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு ரொம்ப ஏறியிருக்கே! தெனமும் இந்தக் கதையவே வாசிங்க தாயி" என்று வேறு சொன்னார். நானும் சிரித்தேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மணியாச்சியில் சண்முகத்தாய் எனக்கு முன்பே வந்து நின்றிருந்தாள்.

"கை நிக்கல தாயி" என்றேன்.

"ஒருத்தருக்குமா?"

"ஒருத்தருக்கும் நிக்கல."

"யாரும் ஒரு வார்த்த... நல்லதோ கெட்டதோ?"

"ஒண்ணும் சொல்லல. இதுக்கெல்லாம் மனசு விடாத. ஒனக்குச் சொல் நல்லா வருது. பேயி, கொல அப்படி ஏதாச்சும் வச்சு எழுது, நல்லா விக்கும்."

"சரிக்கா" என்றாள். தாள்களை வாங்கி மடித்தாள். அதற்குள் தூத்துக்குடி வண்டி வந்துவிட்டது, நான் புத்தகக் கட்டைத் தூக்கிக்கொண்டு ஜன்னல் ஜன்னலாக ஓடினேன். திரும்பி வந்தபோது அவள் இல்லை. எனக்கு அப்போது சங்கடம் ஒன்றும் தோன்றவில்லை. பொய் சொல்லவில்லை, நம்பிக்கை காட்டி இழுத்தடிக்கவில்லை, முகத்துக்கு நேராகச் சொன்னேன். நல்ல ஏஜெண்டு அப்படித்தான் செய்வாள்.

நாலைந்து மாதம் போயிற்று. கொட்டகையில் எனக்குப் பக்கத்து வரிசையில் முத்தம்மா என்று ஒருத்தி. அவள் மகளும் பக்கத்திலேயே உட்கார்ந்து குச்சி அடுக்கும். அந்தக் காலத்தில் எல்லா ஆபீசிலும் அப்படித்தான். பாதிப்பேர் பெண் பிள்ளைகளைக் கையோடு கூட்டிக்கொண்டுதான் வருவார்கள். சின்ன விரலுக்குக் குச்சி வேகமாக ஏறும். பள்ளிக்கூடம் திறந்த சமயம், ஒருநாள் முத்தம்மா தனியாக வந்தாள்.

"மக எங்கட்டி, காச்சலா?"

"பள்ளிக்கொடத்துல விட்டுட்டு வாரேன் மதினி."

"கூலி கொறையுமே."

"கொறையட்டும். மத்தியானச் சோறு அங்கன போடுதாக, ஒரு வயித்துக்குக் கவலையில்ல." கொஞ்ச நேரம் குச்சி அடுக்கினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "அந்தக் கதையில அந்தப் புள்ள திரும்பப் பள்ளிக்கொடம் போச்சா, இல்லியா?"

"எந்தக் கதையில?"

"மழ பெஞ்ச கதையில."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கதை பிடிக்கலன்னுல்லா அன்னைக்கு நிறுத்துனோம்! ஒருத்தி கையாவது நின்னுச்சா? ஓட்டமா ஓடுச்சே!"

முத்தம்மா என்னைப் பார்த்த பார்வை இன்னும் கண்ணுக்குள் இருக்கிறது.

"கை நின்னா தல நிமிரும். நிமிந்தா பக்கத்துல பாக்கணும்லா மதினி. ஞானம் வாசிக்கா, எம்மகளும் கேக்கா. நான் என்ன சொல்லி அவள நிறுத்துனேனோ அத அப்படியே வாசிக்கா. அவ மூஞ்சிய நான் எப்படிப் பாக்க? அதான் குனிஞ்சுக்கிட்டேன். ஒங்களுக்கென்ன, ரெண்டும் பையனுக. ரெண்டும் பள்ளிக்கொடத்துல இருக்கு."

அன்று சாயங்காலத்துக்குள் இன்னும் இரண்டு பேரிடம் நானே போய்க் கேட்டேன். ஒருத்தி எழுந்து போனாள். இன்னொருத்தி, "முடிவு தெரிஞ்சாச் சொல்லுங்க" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை புத்தகக் கட்டு இல்லாமல் மணியாச்சிக்குப் போனேன். அப்படிப் போனது அது ஒரு தடவைதான். சண்முகத்தாய் வீட்டைக் கண்டுபிடித்துப் போய் நின்றால், அவளுக்குச் சந்தோஷம்.

"வாங்கக்கா, நானே ரயிலடிக்கு வரணும்னு கெளம்பிக்கிட்டு இருந்தேன். நீங்க சொன்ன மாதிரியே பேய்க் கதை எழுதிட்டேன்" என்று புதுத் தாள்களைக் கொண்டுவந்தாள்.

"அது இருக்கட்டும் தாயி. அந்தப் பழைய கதை எங்க?"

"அதக் கிழிச்சு அடுப்புல வச்சாச்சே."

அப்படியே உட்கார்ந்தேன். "முடிவு என்னன்னாச்சும் சொல்லு. கொட்டகையில கேக்காக."

"முடிவு எழுதலக்கா. கடைசித் தாளு வெறுந்தாளுல்லா? நீங்க பாக்கலியா?"

நான் பார்க்கவில்லை. ஞானமும் அதுவரை போகவில்லை.

அவள் எனக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள். "அந்தப் புள்ள நான்தான்க்கா. அஞ்சாப்புல நின்னவ. மழ பெஞ்சப்ப எங்கம்மா மனசுல என்ன இருந்துச்சுன்னு எனக்குத் தெரியணும். மறந்துபோனாளா, இல்ல தெரிஞ்சேதான் பேசாம இருந்தாளா. அவகிட்ட நேராக் கேக்க எனக்கு வாய் வரல. கலியாணம் ஆன பிறகு போக்குவரத்தையும் கொறச்சுக்கிட்டேன். ஒங்க கொட்டகையில அத்தன அம்மாமாரு இருக்காகளே, யாராச்சும் ஒருத்தி வாயத் தொறந்து சொல்லுவான்னு நெனச்சேன். நீங்க வந்து கை நிக்கலன்னீங்க. சரி, அம்மாமாருக்கு இதெல்லாம் ஒரு விசயமே இல்ல போலருக்குன்னு விட்டுட்டேன்."

முத்தம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் அவளிடம் சொன்னேன்.

"மூஞ்சியப் பாக்க முடியாமத்தான் குனிஞ்சாளாமா?"

"அப்படித்தான் தாயி சொன்னா. மறுபடி மகளப் பள்ளிக்கொடத்துல கொண்டு விட்டுட்டா."

"எங்கம்மாவும் குனிஞ்சுதான்க்கா இருந்தா." என்றாள். "மழ பெஞ்ச அன்னைக்குக் கூரத்தண்ணி பிடிக்கேன்னு ஒவ்வொரு பானையா வச்சுக்கிட்டே இருந்தா. பானையெல்லாம் நெறஞ்ச பிறகும் நிமிரல. வேலையில இருக்கான்னு நெனச்சேன். இத நீங்க அன்னைக்கே வந்து சொல்லியிருந்தா அந்த வண்டியிலேயே ஊருக்குப் போயிருப்பேனே."

"இப்பப் போ தாயி. இப்பவே கெளம்பு, நானும் கூட வாரேன்."

"போன மாசம் போயிட்டு வந்தேன்க்கா. பக்கவாதத்துல படுத்துட்டா, ஆளு தெரியல. கஞ்சி ஊட்டுனேன். குடிச்சுட்டு என்னயப் பாத்து, 'நீ யாரு பெத்த புள்ளயோ, மகராசியா இரு'ன்னா."

நான் மறுபடி எழுதச் சொன்னேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அச்சாபீஸ்காரர் மாட்டேன் என்றால் என் கைக்காசைப் போட்டு அச்சடிக்கிறேன் என்றேன்.

"கேள்வி இருந்துச்சு, எழுதுனேன். இப்ப நீங்க பதிலச் சொல்லிட்டீங்க. இனி எப்படிக்கா வரும்?" என்று எழுந்தாள். புதுத் தாள்களை என் மடியில் வைத்தாள். "இத எடுத்துட்டுப் போங்க. இதுக்குக் கை நிக்கும். எங்கன எங்கன நிக்கும்னு எனக்கே தெரியுது."

பிள்ளைகளே, அந்தக் கைகள் பொய் சொல்லவில்லை. ஒரே ஒரு கதவுக்குச் சாவி செய்து வைத்துக்கொண்டு எல்லாக் கதவையும் அதனால் திறக்கப் பார்த்தவள் நான். விற்கிற கதை எது என்று அந்தச் சாவி சொன்னது, நல்ல கதை எது என்று சொல்வதாக நான் அதை எடுத்துக்கொண்டேன். உங்களிடமும் இப்படி ஏதோ ஒன்று இருக்கும். பல தடவை பலித்திருக்கும். பலித்ததாலேயே அதன்மேல் சந்தேகம் வராது. கேட்டவர்கள் ஒன்றும் சொல்லவில்லை என்று எழுதியவரிடம் போய்ச் சொல்லும் முன்னால், ஏன் சொல்லவில்லை என்று ஒரு ஆளிடமாவது கேளுங்கள். முத்தம்மா ஒரு கை தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அன்றைக்கே திரும்பி அவளைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

பேய்க் கதை அச்சாகி வந்து, திரும்பத் திரும்ப அச்சடிக்கும்படி ஓடியது. சண்முகத்தாய் அதற்குப் பிறகு எத்தனையோ எழுதினாள். எல்லாம் பேய், கொலை, புதையல். திருவிழாக் கடைகளில் அவள் பேரைச் சொல்லிக் கேட்டு வாங்கினார்கள். அவளைக் கண்டுபிடித்தவள் நான்தான் என்று இன்றைக்கும் யாராவது பாராட்டுவார்கள். அவள் யாரிடமும் என்னைப் பற்றிக் குறை சொன்னதில்லை. பார்க்கும்போதெல்லாம் காபி போட்டுக் கொடுப்பாள். அவள் அம்மாவைப் பற்றி நாங்கள் மறுபடி பேசியதே இல்லை.

அந்தப் பேய்க் கதையை முதலில் கொட்டகையில் வாசித்தபோது, அவள் சொன்ன இடத்தில் எல்லாம் கை நின்றது. குச்சிச் சத்தம் அடங்கி, பெண்கள் வாயைப் பிளந்துகொண்டு ஞானத்தையே பார்த்தார்கள். முத்தம்மா மட்டும் பாதியில் என் பக்கம் திரும்பினாள்.

"இது அந்த மழக் கதைய எழுதுன புள்ள எழுதுனது இல்லல்லா மதினி?"

"அவதான்" என்றேன்.

இல்லை என்று தலையை ஆட்டிவிட்டு, அவள் அடுத்த கட்டையை எடுத்துக்கொண்டாள்.